பலகையில் 102, குழந்தை 101: தீம் பார்க் கேள்வி-பதில்

சிறு குழந்தையோடு தீம் பார்க் போவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மனதில் வைத்துத்தான் எல்லாப் பதில்களும்.

கேள்வி: மகளுக்கு மூன்றே கால் வயது. முதல் முறையாகப் போகிறோம். கொடுத்த காசுக்குத் திறந்ததிலிருந்து மூடும்வரை இருந்துவிட வேண்டும் என்கிறார் என் கணவர். மகளோ மதியம் தூங்காமல் இருந்ததே இல்லை. அந்த ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

மதியத் தூக்கத்தை முதலில் அட்டவணையில் போடுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். பார்க்கின் இரைச்சலில் தூக்கம் தெரியாமல் ஓடிக்கொண்டே இருப்பாள். மாலை நான்கு மணிக்கு ஒன்றுமில்லாத விஷயத்துக்கு உட்கார்ந்து அழுவாள். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுக்க முழுக்க அசதி அது.

திறக்கும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். வண்டி நிறுத்த, பையைச் சோதிக்க, டிக்கெட்டைக் காட்ட, கழிப்பறை போக அந்த நேரம் சரியாக இருக்கும். திறந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் நாளிலேயே வரிசை குறைவாக இருக்கும் நேரம். அதைப் பெரும்பாலானவர்கள் நுழைவாயில் அருகே போட்டோ எடுப்பதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். போட்டோவைத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் எதில் முதலில் ஏறுவது? பெரிய ரைடில்தான் பெரிய வரிசை இருக்கும் என்று நினைப்போம். குழந்தைகளுக்கான குட்டி ரைடுகளில்தான் வரிசை நகரவே நகராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். குட்டி விமானம் சுற்றும் ரைடில் 12 இருக்கை. சுற்றுவதற்கு இரண்டு நிமிடம், ஏற்றி இறக்கி பெல்ட் போட இரண்டு நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு 15 சுற்று, 180 பேர். உங்களுக்கு முன்னால் 60 பேர் நின்றால் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றாக 20 பேர் ஏறும் படகு வந்துகொண்டே இருக்கும் ரைடில் அதே 60 பேர் மூன்றே நிமிடத்தில் போய்விடுவார்கள். ஆகவே காலையில் குட்டி விமானம், குட்டிக் கார், குட்டி ரயில். படகு, பொம்மைக் காட்சி, அரங்க நிகழ்ச்சி எல்லாம் கூட்டம் சேர்ந்த பிறகு. மூன்று வயதுக் குழந்தையோடு 20 நிமிடத்துக்கு மேல் எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பதினொன்றேகாலுக்கே மதியச் சாப்பாடு. பன்னிரண்டரைக்கு மேல் உணவகத்தில் மேசை கிடைப்பதே கஷ்டம். பிறகு தூக்கம். தங்குமிடம் அரை மணி தூரத்துக்குள் இருந்தால் திரும்பிப் போய்விடுவதுதான் உத்தமம். வெளியே போய்த் திரும்ப உள்ளே விடுவார்களா, கையில் முத்திரை போட்டுக்கொள்ள வேண்டுமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே போக வழியில்லை என்றால், ஒலிபெருக்கிக்குத் தள்ளி நிழலான இடத்தில் ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டியை) சாய்த்துத் தூங்க வையுங்கள். மாலை நான்குக்குப் பிறகு வெயிலும் தணியும், கூட்டமும் கொஞ்சம் கலையும்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: இந்த வயதில் ஐந்தாறு ரைடு ஏறினால் அது நிறைவான நாள். ஒரே குதிரை ராட்டினத்தில் மூன்று தடவை ஏறுகிறேன் என்று அவள் சொன்னால் ஏற்றிவிடுங்கள். புதியதைவிடத் தெரிந்ததில்தான் அவளுக்குச் சந்தோஷம் அதிகம்.

கேள்வி: எந்தக் கிழமை போனால் கூட்டம் குறைவு?

பள்ளி நடக்கும் வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன். டிக்கெட் வாங்கும் முன் பார்க்கின் இணையதளத்தில் அன்று பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியலைப் பாருங்கள். கூட்டம் குறைந்த நாட்களில்தான் பராமரிப்பையும் வைத்துக்கொள்வார்கள். நீங்கள் போவதே குழந்தைகள் பகுதிக்காக என்றால், அது மூடியிருக்கும் நாளில் போய் என்ன பயன்?

கேள்வி: பையனுக்கு நான்கு வயது. உயரம் 101 செ.மீ. அவன் ஆசைப்படும் குட்டி ரோலர் கோஸ்டருக்கு 102 செ.மீ. வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். தடித்த அடியுள்ள ஷூ போட்டால் ஏற்றிவிடுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு சென்டிமீட்டரில் என்ன ஆகிவிடும்?

வேண்டாம். அந்தப் பலகையில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் இயந்திரத்தின் அளவு இருக்கிறது. இடுப்பைப் பிடிக்கும் கம்பி குழந்தையின் தொடையில் சரியாக உட்காருமா, முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்குமா, முதுகு பின்னால் சாய்ந்திருக்குமா என்று ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக அளக்க முடியாது. உயரத்தை ஒரு நொடியில் அளந்துவிடலாம். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து உயரத்தை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். ஷூவின் அடிப்பகுதி தடித்தால் தொடையின் நீளமோ இடுப்பின் அகலமோ கூடிவிடாது. முழங்கால் விளிம்புக்கு எட்டாத குழந்தை, வண்டி சட்டென்று நிற்கும்போது இருக்கையில் முன்னால் சறுக்கும். கம்பிக்கு அடியில் உடல் நழுவுவது அங்கேதான் தொடங்குகிறது.

உயரம் சரியாக இருந்தும் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. சில ரைடுகளில் இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பிதான் மடிமேல் இறங்கும். பெரியவரும் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், கம்பி பெரியவரின் தொடையைத் தொட்டதும் நின்றுவிடும். குழந்தையின் தொடைக்கு மேல் பெரிய இடைவெளி. குழந்தையை எதுவும் பிடித்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம். கம்பி இறங்கியதும் குழந்தையின் மடியைக் குனிந்து பாருங்கள். இடைவெளி தெரிந்தால் கையை உயர்த்தி ஊழியரைக் கூப்பிட்டு இறங்கிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். தனித்தனிக் கம்பி உள்ள ரைடையோ, உடல்வாகு சிறிய பெரியவரையோ தேர்ந்தெடுத்தால் பிரச்சினை குறையும். நான் பிடித்துக்கொள்கிறேன் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். திருப்பத்தில் வரும் விசையைக் கையால் தாங்க முடியாது.

கிளம்பும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். வெறுங்காலில், குதிகாலும் பின்புறமும் சுவரைத் தொட, பார்வை நேராக. ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தின் முதுகைச் சுவரில் பதித்து, தலைமேல் மெல்ல இறக்கி, அடி விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. நாள் முழுக்க நின்று நடப்பதில் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி, மாலையில் உயரம் ஒரு சென்டிமீட்டர்வரை குறையலாம். எல்லையில் நிற்கும் குழந்தையை மாலையில் கொண்டுபோனால், காலையில் ஏற்றிய ரைடிலேயே மாட்டேன் என்பார்கள்.

உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி நடுத்தர உயரம் மூன்று வயதில் சுமார் 95-96 செ.மீ., நான்கில் 103, ஐந்தில் 110. அதாவது 102 என்ற எல்லையில் நான்கு வயதுக் குழந்தைகள் பலர் தடுமாறுவார்கள். பையன் ஏற முடியாத ரைடின் பெயரை வீட்டில் எடுக்காதீர்கள். அங்கேயும் அந்தப் பக்கம் போகாத வழியாக நடந்துவிடுங்கள். இப்போதே தெரிந்துவிட்டது அல்லவா, அதுவே பெரிய நிம்மதி. ஒரு மணி நேரம் நின்று, வரிசையின் முனையில் அளவுகோலுக்கு முன்னால் திருப்பி அனுப்பப்படும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதுதான் கொடுமை.

கேள்வி: நாங்கள் இருவரும் பெரிய ரோலர் கோஸ்டர் ஏற ஆசைப்படுகிறோம். குழந்தையை யாரிடம் விடுவது?

பல பெரிய பார்க்குகளில் இதற்கென்றே மாற்றி ஏறும் வசதி இருக்கிறது. டிஸ்னி பார்க்குகளில் அதற்கு ரைடர் ஸ்விட்ச் என்று பெயர். ஒருவர் வரிசையில் நின்று ஏறிவிட்டு வர, மற்றவர் குழந்தையோடு வெளியே காத்திருப்பார். பிறகு இரண்டாமவர் முழு வரிசையிலும் நிற்காமல் ஏறலாம். வரிசையில் சேரும் முன்பே வாசலில் நிற்கும் ஊழியரிடம் மூன்று பேராகப் போய்ச் சொல்ல வேண்டும். பாதி வரிசையில் நின்று கேட்டால் கிடைக்காது.

கேள்வி: சுற்றும் ரைடுகளில் குழந்தையை எந்தப் பக்கம் உட்கார வைப்பது? போன தடவை என் எடை முழுக்கக் குழந்தைமேல் சாய்ந்துவிட்டது. இறங்கியதும் வாந்தி வேறு.

வட்டமாகச் சுற்றும் வண்டியில் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். குழந்தை வெளிப்பக்கம் இருந்தால் உங்கள் எடை அவனை நசுக்கும். ஆகவே குழந்தை உள்பக்கம், அதாவது சுழற்சியின் மையத்தை ஒட்டி, பெரியவர் வெளிப்பக்கம். பெரும்பாலான ரைடுகளில் இதைப் பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள், அவசரத்தில் படிக்க மாட்டோம். குதிரை ராட்டினத்தில் மட்டும் வேறு கணக்கு: வெளி வரிசைக் குதிரை அதே நேரத்தில் அதிக தூரம் ஓடுகிறது, அதனால் வேகமும் அதிகம். முதல் தடவை உள் வரிசைக் குதிரையோ, ஏறி இறங்காத பெஞ்சோ போதும்.

வாந்திக்குக் காரணம், உள்காதும் கண்ணும் மூளைக்கு வேறு வேறு செய்தி சொல்வதுதான். இரண்டு வயதுக்குக் கீழ் இது அபூர்வம். அதற்கு மேல் பன்னிரண்டு வயதுவரை அதிகம். இருக்கை ஆட, எதிரே திரையில் படம் ஓடும் ரைடுகளில் ரொம்பவே வரும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் ஏற்றக் கூடாது, காலி வயிற்றோடும் கூடாது. கொஞ்சமாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். சுற்றும் ரைடு இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் அடுத்து வாந்திதான். காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டரை வயது மகன் வேடம் போட்ட பொம்மை மனிதர்களைக் கண்டால் அலறுகிறான். கழிப்பறைக்குள்ளும் வர மாட்டேன் என்கிறான்.

வீட்டில் கையளவு பொம்மையாக இருந்தது அங்கே ஆறடி உயரத்தில், அசையாத முகத்தோடு நடந்துவருகிறது. பயப்படுவது இயல்பு. கைகொடுக்கச் சொல்லித் தள்ளாதீர்கள். பத்தடி தூரத்தில் நின்று கையசைத்தால் போதும்; அவனாகப் போனால் போகட்டும். இருட்டுக்குள் போகும் ரைடுக்கு, முந்தின வாரம் வீட்டில் விளக்கை அணைத்து டார்ச் வைத்து விளையாடிப் பழக்குங்கள். வாணவேடிக்கைக்குக் காதை மூடும் குழந்தைகளுக்கான இயர்மஃப் வாங்குங்கள். பஞ்சு அதிகம் உதவாது.

கழிப்பறைப் பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் தானாகத் தண்ணீர் கொட்டும் சென்சார்தான். குழந்தை சிறியதாக இருப்பதால், கொஞ்சம் அசைந்தாலும் ஆள் எழுந்துவிட்டதாக நினைத்து சென்சார் தண்ணீரைத் திறந்துவிடும், அடியில் இரைச்சலோடு. பையில் ஒட்டும் குறிப்புத்தாள் கட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் முன் சென்சாரின் கறுப்புக் கண்மேல் ஒரு தாளை ஒட்டி, குழந்தை வெளியே வந்த பிறகு எடுங்கள். அவனிடமே ஒட்டக் கொடுத்தால் பயம் சீக்கிரம் போகும். கை உலர்த்தும் இயந்திரமும் அலறும், கைக்குட்டை கொண்டுபோங்கள்.

கேள்வி: கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிடுமோ என்ற பயத்திலேயே போகாமல் தள்ளிப் போடுகிறேன். என்ன முன்னேற்பாடு செய்யலாம்?

காலையில் வாசலில் நின்று, அன்று போட்டிருக்கும் உடையும் செருப்பும் தெரிய முழு உருவப் படம் ஒன்று எடுங்கள். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்பது தாய்க்கே மறந்துபோகும். உங்கள் கைபேசி எண்ணைக் குழந்தையின் முன்கை உள்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, மேலே காயத்துக்குப் பூசும் திரவ பேண்டேஜைத் தடவுங்கள்; வியர்வையில் அழியாது. பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிவிடும்.

உள்ளே போனதும் ஊழியரின் சீருடையையும் பெயர்ப் பட்டையையும் காட்டி, "அம்மாவைக் காணோம்னா இந்த மாதிரி சட்டை போட்டவங்ககிட்ட சொல்லு" என்று பழக்குங்கள். ஊழியர் கண்ணில் படாவிட்டால், குழந்தைகளோடு இருக்கும் ஒரு அம்மாவிடம். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். "அம்மா பேர் அம்மா" என்று சொன்னால் ஊழியர் என்ன செய்வார்?

காணோம் என்று தெரிந்த நொடியில் பெயரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு ஓடாதீர்கள். சுற்றியிருப்பவர்களுக்குக் கேட்கும்படி அடையாளத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "மஞ்சள் சட்டை, நீலக் கால்சட்டை, மூன்று வயதுப் பையன்!" பத்துப் பேரின் கண் உங்களோடு சேர்ந்து தேடும். ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்தில் அசையாமல் நிற்க, இன்னொருவர் உடனே அருகில் இருக்கும் ஊழியரிடம் படத்தைக் காட்டட்டும். நீர்நிலை பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே. குழந்தை பத்திரமாக இருந்து அழுதுகொண்டிருந்தால் நேரம் இருக்கிறது. தண்ணீரில் நேரம் இல்லை.

தொலைவது பெரும்பாலும் நடக்கும்போது அல்ல. காசு கொடுக்கும்போது, போட்டோ எடுக்கும்போது, ரைடிலிருந்து இறங்கும் கடைவாசலில். அந்த இடங்களில் "இப்போ என் கையில்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

கேள்வி: வெயில் தாங்குமா? ஸ்ட்ரோலர்மேல் துணி போட்டு மூடிவிடலாமா?

உலர்ந்த துணியால் முழுக்க மூடினால் உள்ளே காற்று ஓடாது, வெப்பம் வெளியே இருப்பதைவிட ஏறிவிடும். குடையோ வண்டியின் கூரையோ போதும்; பக்கவாட்டு திறந்திருக்க வேண்டும். தாகம் என்று குழந்தை சொல்லும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை நான்கைந்து மடக்குத் தண்ணீர் கொடுங்கள். மூன்று மணி நேரமாகியும் டயப்பர் நனையவில்லை, அல்லது சிறுநீர் அடர் மஞ்சள் என்றால் உடனே குளிர்ந்த இடத்துக்குப் போய்விடுங்கள். ஓஆர்எஸ் கொடுப்பதானால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும். சின்ன பாட்டிலில் கொஞ்சம் பொடியைக் குத்துமதிப்பாகப் போட்டால் உப்பு கூடிவிடலாம், அது ஆபத்து.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீனை வெளியே வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே தடவி, இரண்டு மணிக்கு ஒரு முறையும் நனைந்த உடனேயும் மறுபடி தடவுங்கள். காதின் மேல்பகுதி, பிடரி, புறங்கால் மூன்றும் எல்லோரும் விட்டுவிடும் இடங்கள். உடல் கொதித்து, குழந்தை மந்தமாகி, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்றால் அது அவசரநிலை. முதலுதவி அறைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நிழலில் உடைகளைத் தளர்த்தி, உடல் முழுக்க நனைத்து விசிறுங்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கேள்வி: 14 மாதக் குழந்தையை வாட்டர் பார்க்கில் இறக்கலாமா? கையில் மாட்டும் காற்றடைத்த வளையம் போதுமா?

காற்றடைத்த வளையம் பொம்மைதான், பாதுகாப்புக் கருவி அல்ல. நழுவும், காற்று இறங்கும். உடலுக்குச் சரியான அளவில், கவட்டைப் பட்டையோடு கூடிய லைஃப் ஜாக்கெட் போடுங்கள். போட்டாலும் கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. கணுக்கால் ஆழத் தண்ணீரிலும் முகம் குப்புற விழுந்தால் எழத் தெரியாது. நீலமும் வெள்ளையும் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, ரோஜா நிற நீச்சலுடை வாங்குங்கள். அலைக் குளம் இந்த வயதுக்கு வேண்டாம்.

சாதாரண டயப்பர் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். நீச்சல் டயப்பர் போடுங்கள். அது மலத்தை மட்டும் கொஞ்சம் தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. ஆகவே மணிக்கு ஒரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள், குளத்தின் ஓரத்தில் மாற்றாதீர்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று தண்ணீரில் இறக்கவே கூடாது.

இன்னொன்று. சறுக்கு மரத்தில் குழந்தையை மடியில் வைத்துச் சறுக்குவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். குழந்தையின் கால் ஓரத்தில் சிக்கினால், தனியாக இருந்தால் நின்றுவிடும். உங்கள் எடை பின்னாலிருந்து தள்ளும்போது கால் முறுக்கி கணைக்கால் எலும்பு முறிகிறது. தனியாகச் சறுக்கத் தெரியாத குழந்தைக்கு அந்தச் சறுக்கில் ஏற இன்னும் வயதாகவில்லை.

கேள்வி: கிளம்பும் நேரத்தில் வர மாட்டேன் என்று தரையில் புரள்கிறாள். என்ன செய்வது?

"இன்னும் பத்து நிமிடம்" என்றால் அந்த வயதில் புரியாது. "இன்னும் இரண்டு ரைடு, அப்புறம் வண்டி" என்று விரலைக் காட்டிச் சொல்லுங்கள். ஒன்று முடிந்ததும் ஒரு விரலை மடக்குங்கள். கடைசி ரைடு மெதுவானதாக, வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசுப் பொருள் வாங்குவதானால் அதைக் கடைசியில் வைக்காமல் மதியமே வாங்கி, வண்டியில் ஏறினதும் கொடுப்பதாகச் சொல்லிப் பையில் போட்டுவிடுங்கள். உலர்ந்த மாற்றுடையும் பிடித்த போர்வையும் வண்டியின் முன் இருக்கையில் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். கார் சீட்டில் உட்கார வைக்கும் முன் ஈர உடையை மாற்றுங்கள், பாதி வழியில் தூங்கியபிறகு எழுப்பி மாற்ற முடியாது.